பழைய டூல் பேட்டரியை விற்ற கடையே திரும்ப வாங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் இன்று கார்பென்டர், ஏசி மெக்கானிக், கிரில் வேலைக்காரர், மாடுலர் கிச்சன் போடுகிறவர் என்று யார் பையைத் திறந்தாலும் ஒயர் இல்லாத ட்ரில் ஒன்றும் பேட்டரி இரண்டும் இருக்கின்றன. வாங்கும்போது விலையையும் வாரண்டியையும் கேட்கிறோம். வேலைக்கு ஆகாமல் போன பேட்டரியை எங்கே கொடுப்பது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. கடைசியில் அது காயலான் கடைக்கோ மாநகராட்சிக் குப்பை வண்டிக்கோ போகிறது. இரண்டும் அது போகக்கூடாத இடம்.

கார், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இந்தத் தொல்லை கிடையாது. பழசைக் கொடுத்தால் புதுசின் விலையில் கழிவு கிடைக்கும். ஈயத்துக்குக் காசு உண்டு. ட்ரில்லில் மாட்டும் லித்தியம் பேட்டரி பேக்குக்குக் கடைத்தெருவில் அப்படி ஒரு வழக்கம் வரவில்லை. காயலான் கடையில் எடுத்தாலும், உள்ளே இருக்கும் நிக்கல் பட்டைக்காகவும் செம்புக்காகவும் சுத்தியலால் உடைப்பார்கள். செத்த பேட்டரிதானே என்ற தைரியம்தான்.

அது சாகவில்லை என்பதே பிரச்சினை. ஒரு 18 வோல்ட் பேக்கைத் திறந்தால் பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் உயரமும் உள்ள உருளை செல்கள் இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. முழுசாக ஏறினால் செல்லுக்கு 4.2 வீதம் 21. ஒருவர் 18 என்றும் இன்னொருவர் 20 என்றும் எழுதி விற்பது ஒரே சரக்கைத்தான். அதே ஐந்து செல்லுக்கு 48, 88 என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மீட்டரை வைத்துப் பாருங்கள், 21க்கு மேல் போகாது.

4 ஆம்ப் ஹவர் பேக்கில் 72 வாட் ஹவர் சேமிப்பு. ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். பேக் நின்றுபோவதற்கு வழக்கமான காரணம் ஐந்தில் ஒரு செல் இளைத்துப்போவது. நான்கு செல் 3.9 வோல்ட்டில் நன்றாக இருக்கும், ஐந்தாவது 2.1க்கு விழுந்திருக்கும். வெளி டெர்மினலில் அளந்தால் 17.7 காட்டும், பார்க்கிறவருக்குப் பேட்டரி நன்றாக இருப்பதாகவே தோன்றும். டூலில் மாட்டினால் இரண்டு சுற்றில் நின்றுவிடும். இதைத்தான் செத்துவிட்டது என்று தூக்கிப்போடுகிறோம், நான்கு செல்லின் சக்தி அப்படியே உள்ளே இருக்கும்போது. குப்பை லாரியில் கம்பாக்டர் அமுக்கும்போது செல்லுக்குள் இரண்டு தகடுகளையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் கிழிகிறது. அப்புறம் தீப்பெட்டி தேவையில்லை.

அந்த ஐந்தாவது செல் ஏன் இளைக்கிறது? நம் ஊரில் முதல் காரணம் சூடு. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள்ளும் வண்டி டிக்கியிலும் கிடக்கும் பேக் வேலை தொடங்கும் முன்பே அந்த அளவைத் தாண்டியிருக்கும். அதோடு கிரைண்டர் ஓட்டிவிட்டு நேராக சார்ஜரில் செருகுகிறோம். நல்ல சார்ஜர் பேக்குக்குள் இருக்கும் வெப்பச் சென்சாரைப் பார்த்து, விளக்கை மின்ன விட்டுக் காத்திருக்கும். அது பழுதல்ல, அரை மணி நேரம் நிழலில், ஃபேன் காற்றில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு வரை வியர்க்கும்.

எந்த பேக்கில் எந்த டூல் என்பதும் கணக்குதான். 2 ஆம்ப் ஹவர் பேக்கில் ஐந்து செல் ஒரே வரிசை. 4, 5 ஆம்ப் ஹவர் பேக்கில் பெரும்பாலும் பத்து செல், இரண்டு இரண்டாக ஜோடி சேர்த்திருப்பார்கள். கிரைண்டர் 30 ஆம்ப் இழுத்தால் சின்ன பேக்கில் ஒவ்வொரு செல்லும் 30ஐயும் சுமக்கும், பெரியதில் ஆளுக்கு 15. செல்லுக்குள் பிறக்கும் சூடு கரண்ட்டின் வர்க்கத்தோடு ஏறுவதால் பாதிக் கரண்ட் என்றால் கால் பங்குச் சூடு. ஸ்க்ரூ போட, துளை போட சின்ன பேக் போதும். கிரைண்டர், சர்குலர் சா, ரோட்டரி ஹேமர் என்றால் பெரியதை மாட்டுங்கள்.

இன்னொரு கெட்ட பழக்கம் பழைய நிக்கல் காட்மியம் காலத்திலிருந்து வந்தது: முழுசாக இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது. லித்தியத்துக்கு அது தலைகீழ். வேகம் குறைந்ததுமே கழற்றிவிடலாம். செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. அதை நிறுத்தும் சர்க்யூட் எல்லா பிராண்டிலும் பேட்டரிக்குள் இருப்பதில்லை, சிலவற்றில் டூலுக்குள் இருக்கிறது. ஒரு பிராண்ட் பேட்டரியை இன்னொரு பிராண்ட் டூலில் மாட்ட ஆன்லைனில் விற்கும் பிளாஸ்டிக் அடாப்டரைப் போட்டால் அந்தக் காவல் போய்விடும். டூல் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிடும். அதே பேக்கில் எல்இடி விளக்கை மாட்டி இரவு முழுக்க மறந்துவிடுவதும் இப்படித்தான்.

அடியோடு இறங்கிய பேக்கைச் சார்ஜர் ஏற்க மறுக்கும். உடனே நல்ல பேக்கிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் தொட்டு எழுப்பும் வித்தை யூடியூபில் ஏகத்துக்கும் கிடக்கிறது. சார்ஜர் மறுப்பதற்குக் காரணம் உண்டு. செல் ரொம்பக் கீழே போய்விட்டால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி ஏற்றும்போது கரைந்த செம்பு ஊசி ஊசியாகப் படிந்து படலத்தைத் துளைக்கும். இன்று ஓடும், என்றைக்குப் பற்றும் என்று சொல்ல முடியாது. ஐந்து செல் பேக் மொத்தமாக 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் எழுப்பாதீர்கள்.

மலிவுச் சார்ஜர் செய்வது இதற்கு எதிர்ப்பக்க ஆபத்து. பின்பக்கம் குச்சி போன்ற பின் வைத்து 21 வோல்ட் தருவது வெறும் அடாப்டர். செல்லைத் தனித்தனியாகப் பார்க்காது, சூட்டையும் பார்க்காது. இளைத்த செல் 3.6இல் நின்றுவிட்டால் மீதி 17.4 வோல்ட்டை நான்கு செல் பங்கு போட வேண்டும், ஆளுக்கு 4.35. அது ஓவர் சார்ஜ். இப்படிப்பட்ட செட்டைத்தான் ராத்திரி சைட்டில் பிளைவுட் அடுக்கின் மேல், மரத்தூளுக்கும் தின்னர் டப்பாவுக்கும் எஸ்.ஆர். என்ற ரப்பர் பசைக்கும் நடுவில், பிளக் இல்லாத ஒயரைத் தீக்குச்சி வைத்துச் சாக்கெட்டில் செருகி ஏற்றிவிட்டுப் பக்கத்திலேயே படுக்கிறார்கள். சார்ஜ் ஏற்றும் இடம் சிமென்ட் தரையாகவோ கிரானைட் மேடையாகவோ இருக்கட்டும், விழித்திருக்கும்போது ஏற்றுங்கள், ஏறி முடிந்ததும் கழற்றுங்கள். நாள்கணக்கில் வேலை இல்லையென்றால் பாதி சார்ஜில் வையுங்கள், முழுசாக அல்ல. பேக்கை ஸ்க்ரூ டப்பாவில் போடாதீர்கள், டெர்மினலில் ஸ்க்ரூ பட்டால் ஷார்ட் ஆகும்.

வாங்கும்போது பேட்டரியின் மேல் இந்தியத் தர முத்திரையும், ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், 'ஆர்' எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். தராசும் உதவும்: ஒரு செல்லே சுமார் 45 கிராம். பத்து செல் பேக்கின் உருவத்தில் இருந்தும் 400 கிராம்கூட இல்லையென்றால் உள்ளே ஐந்து செல்தான்.

ரிச்சி தெருவிலும் வேறு இடங்களிலும் செல் மாற்றித் தருகிறார்கள். தவறில்லை, ஒழுங்காகச் செய்தால். ஐந்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில்தான் பிடிக்க வேண்டும். சால்டரிங் அயர்னை நேரே செல்லில் வைத்தால் உள்ளே படலம் வெந்துபோகும். செல் 20 ஆம்ப் தொடர்ந்து தரும் ரகமாக இருக்க வேண்டும். பவர் பேங்கிலும் லேப்டாப்பிலும் கழற்றிய செல் 5 ஆம்ப்புக்கே மூச்சு வாங்கும். அதைக் கிரைண்டர் பேக்கில் போட்டுத் தருகிறவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

இனி, ஒழித்துக்கட்டுவது. உடையாத, சூடாகாத பேக் என்றால் டூலில் மாட்டி, தானாக நிற்கும் வரை ஓட்டுங்கள். பிறகு டெர்மினல் வாய் முழுவதையும் இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள். ஒவ்வொரு பேக்கையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு, சர்வீஸ் சென்டருக்கோ மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கோ போன் செய்து கேட்டுவிட்டுக் கொடுங்கள். கேஸ் உப்பியது, உருகியது, இனிப்பாக ஸ்பிரிட் மாதிரி வாசனை வருவது, மாடியிலிருந்து விழுந்து உடைந்தது: இவற்றை ஓட்டவும் கூடாது, ஏற்றவும் கூடாது. காய்ந்த மணல் போட்ட பெயின்ட் டின்னில் வைத்து, மூடியை இறுக்காமல் மொட்டைமாடியில் நிழலான மூலையில் வையுங்கள். நம் அபார்ட்மென்ட்களில் வேண்டாத சாமான் எல்லாம் மாடிப்படிக்கு அடியில், ஈ.பி. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில்தான் சேரும். அங்கே மட்டும் வேண்டாம். தீப்பிடித்தால் வெளியே வர இருப்பது அந்த ஒரே படி.

பற்றிக்கொண்டால் முதலில் மெயினை அணையுங்கள், பிறகு தண்ணீர். லித்தியம் என்றால் தண்ணீர் படக்கூடாது என்ற பயம் லித்தியம் உலோகத்துக்குப் பொருந்தும். இந்த செல்லில் அது வேறு பொருளோடு சேர்மமாக இருக்கிறது. பவுடர் சிலிண்டர் சுவாலையை அடக்கும், செல்லின் சூட்டை இறக்காது, அடுத்த செல் மறுபடி பிடிக்கும். பக்கெட் பக்கெட்டாக ஊற்றிக் குளிர வைப்பதுதான் வழி. புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும். மூடிய அறை என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறி 101ஐக் கூப்பிடுங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2022 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் லித்தியத்துக்கும் பொருந்தும். தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் பழைய பேட்டரியைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும்; நிலத்தில் கொட்டவோ எரிக்கவோ கூடாது; வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைப்பது நம் கடமை. பேட்டரியில் இருக்கும், குறுக்குக் கோடு போட்டு அடித்த குப்பைத்தொட்டிப் படம் அதைத்தான் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும் பழைய பேட்டரியை வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின. ஆனால் விதி காகிதத்திலிருந்து கடை கவுன்டருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் கோரிக்கை பெரியதல்ல. பாரிமுனையிலிருந்து புறநகர் வரை பவர் டூல் விற்கும் ஒவ்வொரு கடையிலும் அடியில் மணல் பரப்பிய ஒரு மூடி போட்ட தகரப் பெட்டியும், பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு டேப் சுருளும் வைக்கட்டும். பழைய பேக்கைக் கொண்டு வந்தால் புதுசில் நூறு ரூபாய் தள்ளட்டும்; ஈயத்துக்கு நடப்பது லித்தியத்துக்கும் நடக்கும். கம்பெனிகள் மாதம் ஒரு முறை அதை எடுத்துக்கொள்ளட்டும். பிராண்டே இல்லாத இறக்குமதிப் பேக்கை யார் எடுப்பது என்பதுதான் சிக்கல். அதற்கு மாநகராட்சி ஒவ்வொரு மண்டலத்திலும் ஓர் இடம் ஒதுக்கி, அதன் உதவி எண்ணான 1913இல் கேட்டால் முகவரி சொல்லும்படி செய்ய வேண்டும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. அதற்குக் காரணம் எதுவோ, தானாகப் பற்றக்கூடிய பொருளை அங்கே நாமே அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
பவர் டூல் பழுதுபார்ப்போர் சிலர்,
சென்னை

பி.கு.: பழைய பேக்கை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சார்ஜ் இறங்கிவிடும் என்ற யோசனை பரவலாக இருக்கிறது. நடப்பது வேறு: டெர்மினல் அரித்துத் தொடர்பு அறுந்துவிடும், செல்லில் சார்ஜ் அப்படியே தங்கிவிடலாம். கூடவே ஹைட்ரஜன் கிளம்பும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது போல வெள்ளத்தில் மூழ்கும் பேக்குகளுக்கும் இதே நிலைதான். வெயிலில் காயவைத்துச் சார்ஜரில் போடாதீர்கள். உள்ளே படிந்த உப்பும் சேறும் போர்டில் மெதுவாக ஷார்ட் ஆகி, சில நாள் கழித்துக்கூடப் பற்றும். அதுவும் மணல் டின்னுக்குத்தான்.