தாத்தாவின் கல்லுக்குக் கடல் தண்ணீர் கொண்டுவந்த அண்ணனுக்கு

அம்மா ஆசுபத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தார். போர்க்காலத்தில் கப்பலோடு கடலில் மூழ்கிய தாத்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கல்லும் நட்டுவிட்டோம். அந்தப் பதினொரு நாளைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. சொந்தக்காரர்களே, நீங்கள்தானே ஆசுபத்திரி வராந்தாவில் மாறி மாறி உட்கார்ந்திருந்தீர்கள்.

ரத்தம் கொடுத்த தம்பிகள், மும்பை இந்திய மாலுமிகள் இல்லத்து நினைவேட்டில் தாத்தா பெயரைத் தேடிப் படம் எடுத்து அனுப்பிய அக்கா மகன், கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்த கல்தச்சர், புளியமரத்தடியில் இடம் விட்ட பங்காளிகள், பென்னாகரத்திலிருந்து பந்தல் சாமான் அனுப்பியவர் என்று எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் ஒருவருக்கு நேரில் நன்றி சொல்ல முடியவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

ஆசுபத்திரி எதிரே டீக்கடையில் நின்று தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். கல் நடுமுன் அதை நீராட்ட வேண்டும். நம் பக்கத்து நடுகற்களுக்கெல்லாம் செய்த முறை அது, நீர்ப்படை என்று பேர். தாத்தா கல்லுக்குக் கடல் தண்ணீர்தான் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். இந்த நிலைமையில் யார் போய்க் கொண்டுவருவது? பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர், "எவ்வளவு வேணும்?" என்றார். கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழக்கூழ் லோடு, மறுநாள் சென்னை துறைமுகம் போகிறாராம்.

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நான்காம் நாள் விடியற்காலை அதே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஐந்து லிட்டர் கேன், மூடிமேல் பாலித்தீன் சுற்றி ரப்பர் போட்டிருந்தது. "ஹார்பர் ஓரம் எண்ணெய் மிதக்குது. வண்டி வரிசையில நின்னப்ப திருவொற்றியூர் தாண்டி இறங்கி எடுத்தேன். செருப்பைக் கழட்டிட்டுத்தான் இறங்கினேன்" என்றார். பணத்தைத் தொடவே இல்லை. கல்லில் பேர் வெட்டியாச்சா என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டி ஏறிவிட்டார்.

அம்மாவுக்கு வயது 82. கடலைப் பார்த்ததில்லை, அப்பாவையும் பார்த்ததில்லை. 1942-இல், இரண்டாம் உலகப்போரின்போது, சரக்குக் கப்பலோடு தாத்தா மூழ்கியபோது அம்மா பாட்டி வயிற்றில் இருந்தார். தாத்தாவுக்குக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. கடலுக்கடியில் பாய்ந்து வரும் டார்பிடோ குண்டு பட்டால் கீழே எந்திர அறையில் இருப்பவர்கள் மேலே ஏறி வருவது அபூர்வம். துப்பாக்கி தூக்காதவர்கள்தான், ஆனாலும் போருக்குப் போன சோறும் கரியும் குண்டும் அவர்கள் கப்பலில்தான் போயின. வெள்ளைக்கார மாலுமிக்குக் கொடுத்ததில் ஒரு பங்குதான் இவர்களுக்குச் சம்பளம். மும்பை நினைவேட்டில் இப்படி வணிகக் கப்பல்களில் போய் மாண்டவர்களின் பெயர்கள் சுமார் 6,000 இருக்கின்றன. யாருக்கும் சமாதி கிடையாது.

உடம்பு வரவில்லை என்பதால் பாட்டி ஏழு வருஷம் தாலியைக் கழற்றவில்லை. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய்க் காவிரியில் விளக்கு விடுவார். "இந்தத் தண்ணி கடைசியில கடலுக்குத்தான போகுது" என்பார். பாட்டிக்குப் பிறகு அம்மாவும் அதையே செய்தார். இத்தனை வருஷமாக இங்கிருந்து தண்ணீர் தாத்தாவிடம் போய்க்கொண்டே இருந்தது. அங்கிருந்து இங்கே வந்தது இப்போதுதான், அதுவும் நீங்கள் கொண்டுவந்து, அண்ணே.

கேனைத் திறந்ததும் அம்மா விரலை விட்டு நாக்கில் வைத்தார். "இவ்வளவு கரிக்குது. இதுலயா எங்கப்பா கிடக்கறாரு" என்றார். ஆசுபத்திரியில் அத்தனை ஊசிக்கும் அழாதவர், அப்போது அழுதார். அப்புறம் தன் கையாலேயே கல்லுக்கு ஊற்றினார்.

இந்த ஆடிப்பெருக்கிலிருந்து இரண்டு விளக்கு விடப் போகிறேன். ஒன்று தாத்தாவுக்கு. இன்னொன்று அந்த ஏட்டில் தேடி வர ஆளில்லாமல் இருக்கும் பெயர்களுக்கு. நான் இருக்கும்வரை விடுவேன்.

அண்ணே, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். உங்கள் கேன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் வைத்திருக்கிறோம். அடுத்த லோடுக்கு இந்தப் பக்கம் வந்தால் பென்னாகரம் ரோட்டில் திரும்புங்கள். கல்லைப் பார்த்துவிட்டு, அம்மா கையால் களி சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.