அண்ணா, அந்தச் சாலையைப் பற்றி

அண்ணா,

2025 அக்டோபர் 8 அன்று, ரக்பி லீக் வீரர் கிளைவ் சல்லிவன் இறந்து நாற்பது ஆண்டுகள். நீங்கள் வழக்கம்போல அன்று விடியும் முன்பே எழுந்திருப்பீர்கள். போன் செய்யத்தான் நினைத்தேன். நான்கு வருடம் பேசாமல் இருந்துவிட்டு எந்த வார்த்தையில் தொடங்குவது? அதனால் எழுதுகிறேன்.

2009-இல் மான்செஸ்டர் விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்து வந்தீர்களே, அந்த மழை இரவு. அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா என் மடியில் இருந்தது. வலப்பக்கம் ஹம்பர் பாலத்தின் விளக்குகள் வந்து போயின. உங்கள் ஊரான ஹல் நெருங்கியதும் வண்டியை மெதுவாக்கினீர்கள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பெயர்ப்பலகையைக் காட்டி, "படி" என்றீர்கள். கிளைவ் சல்லிவன் வே. சரியாக நடப்பதே கடினம் என்று மருத்துவர்கள் சொன்ன, வேல்ஸின் கார்டிஃப் நகரத்துப் பையன், 1961-இல் 'மிஸ்டர் எக்ஸ்' என்ற பெயரில் ஹல் அணிக்குச் சோதனை ஆட்டம் ஆடி, பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து எடுக்கும் 'டிரை' மூன்று போட்டான் என்றீர்கள். 1972 உலகக் கோப்பை இறுதி, பிரான்ஸின் லியோன் நகரம், எதிரே ஆஸ்திரேலியா. தன் பக்கத்திலிருந்து மறுமுனை வரை அவர் ஒற்றை ஆளாக ஓடியதைச் சொல்லும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டீர்கள். பெரிய விளையாட்டுகளில் பிரிட்டனின் தேசிய அணிக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பர் அவர் என்று சொல்லி முடிப்பதற்குள் உங்கள் குரல் உடைந்தது.

வீடு வந்து சேரும்வரை, அம்மா எப்படி இருக்கிறார் என்று நீங்கள் கேட்கவில்லை.

அதை நான் மறக்கவில்லை. அப்பாவின் காரியத்துக்கு நீங்கள் வரவில்லை. அந்தப் புனித வெள்ளியன்று எங்கே இருந்தீர்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். சித்தி முதல் எல்லோரும் இதைப் படிப்பார்கள். லீவு கிடைக்கவில்லை என்றீர்கள், அப்படியே இருக்கட்டும்.

ஆனாலும் உங்கள் நண்பர்கள் முன்னால், சாப்பாட்டு மேசையில், "அந்தச் சல்லிவனுக்கு உங்களைத் தெரியவே தெரியாது அண்ணா, அப்பாவுக்குத் தெரியும்" என்று நான் சொன்னது தவறு. மன்னித்துவிடுங்கள். வேறு யாரும் கேட்காத கேள்வியை நானாவது கேட்க வேண்டும் என்று நினைத்தேன். தனியாகக் கேட்டிருக்கலாம்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே உங்களை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதைப் போன வருடம்தான் அண்ணி சொன்னார். இத்தனை வருடமும் அதை என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? தினமும் அந்த வேலைக்கு அந்தச் சாலை வழியாகத்தான் போனீர்கள். ஆற்றுக்கு மேற்கே ஒரு கூட்டம், கிழக்கே ஒரு கூட்டம் என்று பிரிந்து நிற்கிற ஊர் அது. மேற்கின் ஹல் அணிக்கு 250 டிரை, கிழக்கின் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் அணிக்கு 118 டிரை போட்டு, இரண்டு பக்கமும் தன் ஆள் என்று சொல்லும்படி வாழ்ந்த ஒரு கறுப்பரின் பெயர் பலகையில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறீர்கள்.

கோடையில் கார்டிஃபுக்குப் போயிருந்தேன், யாரிடமும் சொல்லாமல். சொந்த மண்ணின் ரக்பி யூனியனை விட்டு வடக்கே போய், ரக்பியின் இன்னொரு வகையான ரக்பி லீக் ஆடிய பிள்ளைகளுக்காக 2023-இல் விரிகுடாப் பக்கம் சிலை வைத்தார்கள் அல்லவா, அதைப் பார்க்கத்தான். பில்லி பாஸ்டன், கஸ் ரிஸ்மன், உங்கள் சல்லிவன். வெயிலில் வெண்கலம் சுட்டது. கையை எடுக்க மனம் வரவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எனக்கு லியோனைவிட 1982 பெரியது. லீட்ஸ் நகரின் எல்லண்ட் ரோடு மைதானத்தில், ரக்பி லீக்கின் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம் மறுபடி நடந்தபோது, 39 வயதில் ஹல் அணிக்காக இறங்கி 18-9 என்று வென்றாரே, அது. அடுத்த மூன்றே ஆண்டில் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. இதை நீங்கள் அன்றிரவு காரில் சொல்லவில்லை. நானாகத் தேடிப் படித்தேன்.

அடுத்த புனித வெள்ளிக்கு ஹல் வருகிறேன். ஹல்லின் இரண்டு அணிகளும் மோதும் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வையுங்கள். காலையில் அப்பாவின் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் போவோம்.

தங்கை