தவிட்டைப் பூசினால் ஃபெரூலிக் அமிலம் கிடைக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் அழகுக் குறிப்பில், தவிட்டிலும் பெருங்காயத்திலும், முகச் சீரங்களில் சேர்க்கப்படும் தாவரப் பொருளான ஃபெரூலிக் அமிலம் இருப்பதால் இரண்டையும் தயிரில் குழைத்து முகத்தில் பூசலாம் என்று வந்திருந்தது. முதல் பாதி உண்மை. 1866-ல் இந்த அமிலத்தை முதலில் பிரித்தெடுத்ததே பெருங்காயப் பிசினிலிருந்துதான். ஃபெரூலா என்ற அந்தச் செடியின் பெயரே இதற்கும் வந்தது. பூசச் சொன்னதுதான் தவறு.

தவிட்டில் ஃபெரூலிக் அமிலம் தனியாகக் கிடப்பதில்லை. நார்ச்சத்தோடும், தவிட்டெண்ணெயில் உள்ள ஒரைசனால் என்ற சேர்மத்திலும் எஸ்டர் என்ற வேதிப் பிணைப்பில் பூட்டிக்கொண்டிருக்கிறது. தயிரின் புளிப்பு அந்தப் பூட்டைத் திறக்காது. ஆலைகளில் எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் சோப்புக் கசடைக் காஸ்டிக் சோடாவோடு மணிக்கணக்கில் காய்ச்சி, பிறகு அமிலம் விட்டுப் படிகமாக்குகிறார்கள். சமையலறை வேலையில்லை இது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பாதிக்கு மேல் மாவும் வேறு பிசினும் இருக்கலாம். மீதியில் உள்ள கந்தகச் சேர்மங்கள் கன்னத்தைச் சிவக்க வைக்கும்.

முகத்தில் பூசும் வைட்டமின் சி சீரத்தில் இதன் வேலையே வேறு. வைட்டமின் சி-யும் ஈ-யும் சீக்கிரம் கெடாமல் காப்பது முதல் வேலை. 2005-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வில், 15 சதவீத எல்-அஸ்கார்பிக் அமிலமும் (வைட்டமின் சி-யின் வேதிப்பெயர்) 1 சதவீத வைட்டமின் ஈ-யும் கொண்ட கரைசலில் அரை சதவீத ஃபெரூலிக் சேர்த்தபோது, வெயில் பாதிப்பிலிருந்து தோலுக்குக் கிடைத்த காப்பு நான்கு மடங்கிலிருந்து எட்டு மடங்கானது. அது பன்றித் தோலில் பார்த்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படி 100 கிராம் சீரம் தயாரிக்க ஃபெரூலிக் அரை கிராம் போதும். ஆனால் அதை நேரே தண்ணீரில் போட்டால் மாவு போல் மிதந்து அடியில் தங்கிவிடும். 10 கிராம் எத்தாக்சி டைகிளைகால் என்ற கரைப்பானில் தனியாகக் கரைக்க வேண்டும். வைட்டமின் ஈ எண்ணெய் என்பதால் எண்ணெயை நீரோடு கலக்க வைக்கும் பாலிசார்பேட்-80 சேர்த்துக் குழைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் உலோகங்களைப் பிடித்து வைக்கும் இ.டி.டி.ஏ. 0.1 கிராம், பிறகு அஸ்கார்பிக். மற்ற இரண்டையும் கடைசியில் மெல்ல ஊற்றிக் கலக்குவது. போர் தண்ணீரில் உள்ள இரும்பு, வைட்டமின் சி-யைச் சீக்கிரம் கெடுத்துவிடும். கலவையின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 3-ஐ ஒட்டி நிற்க வேண்டும், 3.5-ஐத் தாண்டினால் வைட்டமின் சி தோலுக்குள் இறங்காது, 2-க்கு அருகே விட்டுவிட்டால் எரியும். கரைப்பான் குறைந்த சீரத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டே நாளில் அடியில் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும். அப்படிப் படிகம் கண்டால் கெட்டுப்போனது என்று பொருளில்லை, செய்முறை சரியில்லை என்று பொருள்.

கெட்டதை நிறம் காட்டும். வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு விடுங்கள். வெளிர் வைக்கோல் நிறம் புதுச் சீரத்துக்கே உண்டு. டீ டிக்காஷன் நிறம் வந்துவிட்டால் கொட்டிவிடலாம்; வைட்டமின் சி சிதைந்து உண்டாகும் எரித்ருலோஸ், தோலிலும் தலையணை உறையிலும் பழுப்புக் கறை ஏற்றும். நம்மூர் மே மாதச் சூட்டில் குளியலறை அலமாரி இதற்கு ஆகாது. அடர்நிற 30 மி.லி. பாட்டில் வாங்கி, திறந்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது.

லேபிளில் ஃபெரூலிக் கடைசியில் இருக்கிறதே என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் அச்சிட விதி அனுமதிக்கிறது. அரை சதவீதச் சரக்கு கடைசியில் வருவது இயல்புதான். அஸ்கார்பிக் அமிலம் முதல் மூன்று பெயர்களுக்குள் இல்லையென்றால்தான் யோசிக்க வேண்டும்.

காலையில், ஈரம் உலர்ந்த முகத்தில் நாலைந்து சொட்டு, அதன் மேல் சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக அல்ல. முதலில் முழங்கையின் உள்பக்கம் பூசி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பெருங்காயக் குறிப்புக்காவது அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அழகுசாதனத் தயாரிப்பு வேதியியலாளர், மதுரை