சிமுலேட்டர் செய்பவர்களுக்கு ஒரு டயர் கடைக்காரனின் திறந்த மடல்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விமான சிமுலேட்டர் எழுதுகிறவர்களுக்கும், அதில் ஓட்டுவதற்கு விமானம் செய்து விற்கிறவர்களுக்கும் வணக்கம்.

வேலூர் சத்துவாச்சாரியில் பைபாஸ் ஓரமாக வீல் அலைன்மெண்ட் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் லாரிக்கும் காருக்கும் அடியில்தான் பிழைப்பு. ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு மாடிக்குப் போனால் விமானி ஆகிவிடுவேன். ஒரு பழைய டிவி, விமானத்தின் ஸ்டீயரிங் மாதிரி யோக் ஒன்று, காலால் மிதித்துத் திருப்புகிற ரட்டர் பெடல், அது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எட்டு வருஷமாக இதுதான் என் பொழுதுபோக்கு. நிஜ விமானம் ஓட்டியதில்லை, ஓட்டப் போவதும் இல்லை. அதனால் மேகத்துக்குள் இறக்கை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உங்களோடு வாதாட மாட்டேன். ஆனால் தரையில் இருக்கும்வரை விமானமும் டயரில் நிற்கிற ஒரு வண்டிதான். அந்த டயரைப் பற்றி உங்களிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

வழக்கு ஆரம்பித்தது ஒரு மழைக்காலத்து ராத்திரி. அப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், வாரக் கணக்கு வாங்க மேலே வந்தார். நான் அப்துல்லாபுரம் விமான நிலையத்தில் செஸ்னா 172 என்கிற சின்ன விமானத்தை ஓடுதளத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். நம்ம ஊர் ஓடுதளம் சின்னதுதான், பெரிய விமானம் இறங்காது. இருந்தாலும் சொந்த ஊர் இல்லையா? பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தவர் கேட்டார்: "இன்னா தம்பி, சோப்புத் தண்ணில வுட்ட மாதிரி போவுது? முன்னாடி டயர் மொட்டையா?"

பக்கவாட்டில் காற்று அடிக்கிறது, அதனால்தான் என்றேன்.

"காத்தா? அம்மாம் பெரிய வண்டிய காத்து தள்ளினு போவுமா?"

பதில் சொல்ல முடியவில்லை. ஓடுதளத்துக்கு வந்து சேர்ந்ததும் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். நின்ற விமானம் மெதுவாக, கடிகார முள் மாதிரி, காற்றின் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. அவர் சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 172-எஸ் ரகத்தின் முழு எடை 2,550 பவுண்டு, அதாவது சுமார் 1,157 கிலோ. காய்ந்த தார் மேல் டயரின் நிலை உராய்வு (நிற்கும்போது தரையைப் பிடிக்கிற பிடி) எடையில் 0.8 பங்கு என்று வைத்தால், பிரேக் போட்டு நிற்கிற விமானத்தைப் பக்கவாட்டில் இழுத்து நகர்த்த 900 கிலோவுக்கு மேல் இழுவை வேண்டும். சரி, காற்று எவ்வளவு தள்ளும்? 15 நாட் காற்றை, அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் காற்றை, நேர்ப் பக்கவாட்டில் அடிக்கவிட்டு, விமானத்தின் பக்கப் பரப்பு 10 சதுர மீட்டர் என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும் 40 கிலோவைத் தாண்டவில்லை. 40 எங்கே, 900 எங்கே? மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பும் குணம் நிஜ விமானத்துக்கும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வாலில் படும் காற்று நெம்புகோல் மாதிரி வேலை செய்யும், முன் சக்கரத்தில் எடையும் குறைவு. ஓடும்போது அதைப் பெடலால் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். அதற்காக நிறுத்திவைத்த வண்டி தானாகத் திரும்புமா?

ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தது இது. ஓடுகிற டயர் பக்கவாட்டுப் பிடிப்பை எப்படி உண்டாக்குகிறது? அது பார்க்கும் திசைக்கும் நிஜமாகப் போகும் திசைக்கும் நடுவே ஒரு சின்ன கோணம் விழுகிறது. ரப்பர் அந்த அளவுக்கு முறுக்கிக்கொள்கிறது, முறுக்கிய ரப்பர் திரும்பி இழுக்கிறது. கோணம் கூடக்கூட பிடிப்பும் கூடும். ஓர் அளவுக்கு மேல் போனால் பிடி விட்டுச் சறுக்கும். டச்சுக்காரர் ஹான்ஸ் பசேக்காவின் டயர் சூத்திரம் இந்த வளைவைத்தான் எண்களில் தருகிறது. கார் பந்தய விளையாட்டு எழுதுகிறவர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அந்தக் கோணத்தைக் கண்டுபிடிக்க, பக்கவாட்டு வேகத்தை முன்னோக்கிய வேகத்தால் வகுக்க வேண்டும். வண்டி நின்றுவிட்டால் வகுக்கும் எண் பூஜ்யம், கணக்கு உடைந்துவிடும். அதனால் மெதுவாகப் போகும்போது உங்களில் பலர் சூத்திரத்தை விட்டுவிட்டு, வேகத்துக்கு ஏற்றபடி தடுக்கிற ஒரு பிசுபிசுப்பை வைத்துச் சமாளிக்கிறீர்கள். "நீ நகர்ந்தால்தான் நான் தடுப்பேன்" என்கிற உராய்வு அது. நகராத வண்டியை அது தடுக்காது. காற்று லேசாகத் தள்ளினாலும் தேனில் விழுந்த எறும்பு மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சக்கரம் நின்றவுடன் அது தரையைத் தொட்ட இடத்தை நினைவில் வையுங்கள். அங்கிருந்து டயருக்கு ஒரு ஸ்பிரிங் கட்டுங்கள். இழுவை உராய்வின் எல்லையைத் தாண்டும்வரை ஸ்பிரிங் பிடிக்கட்டும், தாண்டினால் அறுந்து சறுக்கட்டும். நின்ற நிலைக்கு நிஜ ரப்பர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். புயலையும் மின்னலையும் அவ்வளவு அழகாகச் செய்த உங்களுக்கு இது ஒரு பெரிய வேலையா?

அடுத்தது காற்று. டயருக்குள் அடைக்கிற காற்றைச் சொல்கிறேன். என் கடைக்கு வருகிறவர்கள் "32 வை, 35 வை" என்று சொல்லிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்கள். நான் காசு கொடுத்து வாங்கிய விமானங்களில் ஒன்றில்கூட டயர் அழுத்தத்தைக் காட்டும் இடம் இல்லை. ஈரத் தரையில் தண்ணீர் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, 1960களில் நாசா ஆய்விலிருந்து வந்த ஓர் எளிய கணக்கு உண்டு. பிஎஸ்ஐ கணக்கில் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். கார் டயரில் 32 இருந்தால் 51 நாட், அதாவது மணிக்கு 94 கிலோமீட்டர். பெங்களூர் ஹைவேயில் மழையில் நூறில் போகிறவர்களுக்கு நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்த எண் இது. செஸ்னாவின் பின் சக்கரத்தில் 42 என்றால் 58 நாட். போயிங் 737 மாதிரி பயணிகள் விமானத்தில் 200 என்றால் 127 நாட், இறங்கி ஓடும்போது கட்டாயம் கடக்க வேண்டிய வேகம். உங்கள் சிமுலேட்டரில் மழை பெய்தால் ஓடுதளம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, நின்று ரசிக்கலாம். பிரேக் மட்டும் வெயில் காலத்தில் பிடித்த மாதிரியே பிடிக்கிறது. தண்ணீரைக் கண்ணுக்குக் காட்டினீர்கள், டயருக்குச் சொல்லவில்லை.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் அவ்வளவு கோபம் இல்லை, வருத்தம்தான். சென்னையில் இறங்கிய ஒரு விமானத்தில் இறக்கைக்குப் பக்கத்து சீட்டில் இருந்தேன். வளைவில் திரும்பி, விமானம் முழுவதுமாக நின்றது. மூக்கு மெல்லக் குனிந்தது, நிமிர்ந்தது, பாதி அளவுக்கு இன்னொரு முறை குனிந்தது, அடங்கிவிட்டது. தட்டு வைக்கும் மேஜையின் கொக்கி லேசாக ஆடியதுகூட ஞாபகம் இருக்கிறது. விமானத்தின் சக்கரத்தைத் தாங்குகிற காலுக்குள் இருப்பது நைட்ரஜனும் எண்ணெயும். அமுங்க அமுங்க வாயு இறுகிக்கொண்டே போகும், எண்ணெய் சின்ன ஓட்டை வழியாகப் பிதுங்கி ஆட்டத்தைத் தின்றுவிடும். சும்மா ஒரே விறைப்புள்ள ஸ்பிரிங்கை வைத்தால் இது வராது. ஒன்று, சுவரில் முட்டின மாதிரி நிற்கும். இல்லாவிட்டால் கல்யாண வீட்டுக் குழந்தை மாதிரி குதித்துக்கொண்டே இருக்கும். என் கம்ப்யூட்டர் சூடேறிப் படம் திக்கும்போது விமானமும் சேர்ந்து துள்ளுகிறது. விறைப்பான ஸ்பிரிங்கைப் படத்தின் வேகத்தோடு கட்டிப்போட்டுக் கணக்கிட்டால் அப்படித்தான் ஆகும். ஃபிளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரில் உள்ள ஜேஎஸ்பிசிம் என்ற கணக்குப் போடும் மென்பொருள், படம் எப்படித் திக்கினாலும் இயக்கத்தை நொடிக்கு 120 தடவை கணக்கிடுகிறது. அதே போல் செய்யுங்கள், காலுக்கு மட்டும் இன்னும் அதிகமாகவே செய்யுங்கள்.

ஃபிளைட்கியரில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், விமானத்தின் விவரங்கள் எழுதிய கோப்பைத் திறந்து பார்க்க முடிவது. சக்கரம் எங்கே இருக்கிறது, எவ்வளவு விறைப்பு, நிலை உராய்வு எவ்வளவு, உருள் உராய்வு எவ்வளவு, எத்தனை டிகிரி திரும்பும் எல்லாம் எழுதியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் மூழ்கி, மதியச் சாப்பாட்டை மறந்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். காசு வாங்கி விற்கிறவர்களே, உங்கள் கோப்பைப் பூட்டி வையுங்கள், உங்கள் உழைப்பு. டயர் பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள்.

ஸ்டீயரிங் பற்றிக் கொஞ்சம். 737-இல் பெடலை முழுக்க மிதித்தாலும் முன் சக்கரம் 7 டிகிரிதான் திரும்பும். தரையில் வளைவெடுக்க டில்லர் என்று தனிக் கைப்பிடி இருக்கிறது, அதில் 78 டிகிரி வரை போகும். செஸ்னா 172-இல் பெடலால் 10 டிகிரி, ஒரு பக்கப் பிரேக்கையும் சேர்த்தால் 30. சிரஸ் விமானத்தில் ஸ்டீயரிங்கே கிடையாது. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் முன் சக்கரம் மாதிரி அது பாட்டுக்குச் சுழலும், பிரேக்கால்தான் திருப்ப வேண்டும். வேலூர்க்காரனுக்கு ஸ்ட்ரெச்சர் சக்கரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூன்றும் மூன்று விதமான வண்டி. நான் வாங்கியவற்றில் மூன்றும் ஒரே ஸ்டீயரிங்கில் ஓடுகின்றன. வேகம் கூடினால் கோணத்தை நீங்களே ரகசியமாகக் குறைத்தும் விடுகிறீர்கள், நாங்கள் கவிழ்ந்துவிடாமல் இருக்க. அந்தக் கருணை வேண்டாம். 40 நாட் வேகத்தில் ஒருவன் டில்லரை ஒடித்தால் முன் டயர் கத்திக்கொண்டு நேராகச் சறுக்கட்டும், அவன் கற்றுக்கொள்வான்.

ஓடுதளமும் பில்லியர்ட்ஸ் மேஜை இல்லை. தண்ணீர் வடிவதற்காக நடுவில் மேடாகவும் இரு பக்கமும் சரிவாகவும் போடுவார்கள். சர்வதேசப் பரிந்துரையே பெரிய ஓடுதளத்துக்கு 1.5 சதவீதம், சின்னதுக்கு 2 சதவீதம். "வண்டி இடது பக்கம் இழுக்குது" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அலைன்மெண்ட் சரியாகவே இருக்கும், ரோட்டின் சரிவுதான் இழுத்திருக்கும். நடுக்கோட்டை விட்டு நகர்ந்தால் விமானத்துக்கும் அந்த இழுப்பு தெரிய வேண்டும். நடுக்கோட்டு விளக்குகள் மேல் முன் சக்கரம் ஏறினால் டப் டப் என்று தட்ட வேண்டும். அந்தச் சத்தத்துக்காகவே நிஜ விமானிகள் கோட்டிலிருந்து அரை அடி தள்ளி ஓட்டுவதுண்டு.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. புது விமானம் வந்தால் நாங்கள் முதலில் கேட்பது காக்பிட் எப்படி இருக்கிறது, ஜன்னலில் மழைத்துளி வழிகிறதா என்பதுதான். வேலூர்க் கோட்டை அகழியில் தண்ணீர் தெரிகிறதா என்று பார்க்க நானே ஒரு ராத்திரியை வீணாக்கியிருக்கிறேன். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் இருக்கும் பி-8ஐ என்கிற கண்காணிப்பு விமானம், 737 உடம்பில் செய்தது. ரயிலில் சென்னை போகும்போது தூரத்தில் ஒன்று ஏறிப் போவதைப் பார்த்தாலும் நாங்கள் கவனிப்பது இறக்கையைத்தான். சக்கரம் எப்போது மடிந்தது என்று யார் பார்க்கிறோம்? நாங்கள் எதைக் கேட்கிறோமோ அதைத்தானே நீங்கள் செய்வீர்கள்? அதனால் இப்போது கேட்கிறேன்.

விமானிகளுக்குப் பயிற்சி தருகிற பெரிய சிமுலேட்டர்களுக்கு அனுமதி கொடுக்குமுன், தரையிலும் அளந்து பார்க்கிறார்கள். எவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்புகிறது, முன் சக்கரக் கோணத்துக்கு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று நிஜ விமானத்தின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். நீங்களும் அதே இரண்டு எண்களை உங்கள் விற்பனைப் பக்கத்தில் போடுங்கள். மூன்றாவதாக, 15 நாட் பக்கக் காற்றில் பிரேக் போட்டு நிறுத்திய விமானம் பத்து நிமிஷத்தில் எத்தனை டிகிரி திரும்பியது என்று போடுங்கள். சூரிய அஸ்தமனப் படம் இரண்டைக் குறைத்தாலே இடம் கிடைத்துவிடும். என் கடையிலும் வேலை முடிந்ததும் அளவுத் தாளை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் காசு வாங்குகிறோம்.

இதில் எங்கேயாவது நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். டயரைப் பற்றி என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் நல்லது. அப்போதுதான் பிட்டில் வண்டி இருக்காது.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வீல் அலைன்மெண்ட்காரன்