ஒரு பாயிண்டுக்காக என்னோடு நின்றவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

போன மாதத்தோடு டென்னிஸ் போட்டிகளில் ஆடுவதை நிறுத்திவிட்டேன். உலகத் தரவரிசையில் நான் தொட்ட உச்சமே எண்ணூற்றுச் சொச்சம். பேப்பரில் மூலைச் செய்தியாகக்கூட வராத எண். நன்றி சொல்ல மைக் நீட்டப்போவதில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் மார்க்கர் அண்ணன். ஜோடி கிடைக்காத மெம்பர்களுக்கு எதிரே நின்று பந்து அடித்துக் கொடுப்பவரைத்தான் கிளப்பில் மார்க்கர் என்போம். பழவந்தாங்கலில் விடியற்காலை ரயிலைப் பிடித்து நுங்கம்பாக்கத்தில் இறங்கி ஓடி வருவேன். மெம்பர்கள் ஆறரைக்குத்தான் வருவார்கள். அதுவரை கோர்ட் நமக்கு. ஒன்பது வருஷம் அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தை எனக்காக விட்டீர்கள். காசு கொடுத்தால் "ஜெயிச்சதும் குடு" என்பீர்கள். ஜெயித்தபோது கொடுத்தாலும் வாங்கவில்லை. ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரைச் சாக்குப் போட்டு இழுத்துத் தள்ளிவிட்டு, ஊறிப்போன பழைய பந்தில் ஆட வைப்பீர்கள். கல் மாதிரி வரும். மணிக்கட்டு வலியில் உங்களைத் திட்டியிருக்கிறேன். அதற்கு மன்னிப்பு, காரணம் கீழே வருகிறது.

அப்புறம் ராக்கெட்டுக்குக் கட், அதாவது நரம்பு, போட்டுக் கொடுத்த பாய். 200 மீட்டர் ரீலில் பதினாறு, பதினேழு ராக்கெட்டுக்குக் கட் வரும். எனக்கு அது இரண்டு மாதம்கூடத் தாங்காது. கடன் நோட்டில் என் பெயருக்கு மட்டும் தனிப் பக்கம். பாய், அதை அடித்துவிட்டதாகச் சொன்னீர்கள். நோட்டைக் காட்டினால்தான் நம்புவேன்.

இப்போது சீட்டு அக்காக்கள். அம்மா போட்ட சீட்டில் இருபது பேர், மாதம் ஐயாயிரம். நான் மாட்டிக்கொண்டிருந்த சிக்கலை அன்றைக்கு உங்களுக்குச் சரியாக விளக்கத் தெரியவில்லை. தரவரிசையில் பெயர் ஏற வேண்டுமானால் குறைந்தது மூன்று போட்டிகளில் தரவரிசைப் பாயிண்ட் எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தம் பத்துப் பாயிண்டாவது சேர்ந்திருக்க வேண்டும். எடுத்த பாயிண்ட் 52 வாரத்தில் கழிந்துவிடும். என்னிடம் இரண்டு போட்டிப் பாயிண்ட்தான். முதலாவது கழிய ஒரு மாதமே இருந்தது. துனீசியாவில் மொனாஸ்டிர் என்று ஒரு கடற்கரை ஊர். சின்னப் போட்டிகள் அடுத்தடுத்த வாரங்களில் நடக்கும். அங்கே போய் மூன்று வாரம் தங்கினால்தான் வழி.

அந்த மாதம் ஏலத்தில் யாருமே கேட்கவில்லை. தள்ளு இல்லாமல் முழு லட்சமும் அம்மா கைக்கு வந்தது. நீங்கள் முன்கூட்டியே பேசி வைத்தீர்கள் என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும். உங்களில் ஒருவருக்கு அதே மாதம் மகனின் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது என்பதும்.

முதல் வாரம் தகுதிச் சுற்றிலேயே தோற்றேன். அதில் ஒரு பைசா கிடையாது. இரண்டாம் வாரம் பிரதானச் சுற்றுக்குப் போய் முதல் ஆட்டத்தில் தோற்றேன். 15 ஆயிரம் டாலர் போட்டி என்பார்கள். அது எல்லாருக்குமான மொத்தப் பரிசு. முதல் சுற்றில் தோற்றவளுக்கு 147 டாலர், அதிலும் வரி போகும். பாயிண்ட் பூஜ்யம். என் அறையில் ஒரு ஜப்பான் பெண் தங்கினாள். வாடகையில் பாதி அவளுடையது, ரைஸ் குக்கர் முழுக்க அவளுடையது. தகுதிச் சுற்றில் காலையில் என்னைத் தோற்கடித்துவிட்டு ராத்திரி எனக்கும் சேர்த்து அரிசி களைந்து வைத்தாள். தமிழ் தெரியாது, ஆனாலும் அவளுக்கும் நன்றி.

மூன்றாம் வாரம், முதல் சுற்று, மூன்றாவது செட். கடல் ஈரத்தில் பந்து கனத்துவிட்டது. எதிரே நின்ற பெண் ராக்கெட்டைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்தாள். எனக்கோ நுங்கம்பாக்கத்து நவம்பர் மாதிரி இருந்தது, அண்ணா. 7-6, ஜெயித்தேன். மூன்றாவது போட்டியிலும் ஒரு பாயிண்ட்.

போனில் சொன்னபோது பின்னாலிருந்து ஒரு அக்கா குரல்: "ஒரு லட்சத்துக்கு ஒரு பாயிண்டா?" ஆமாம் அக்கா, அப்படித்தான் கணக்கு.

சட்டையில் பெயர் போட்டுக்கொண்டு இரண்டாம் தவணையை அனுப்பாத ஸ்பான்சரும் ஒருவர் உண்டு. அவருக்கு இந்த மடலில் இடமில்லை.

நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துக்கும் சொல்ல வேண்டும். 2011-இல் சுவிஸ் வீரர் வாவ்ரிங்கா இங்கே சென்னை ஓப்பனில் முதல்முறை கோப்பை வாங்கிய வருஷம், நான் பந்து பொறுக்கி, துண்டு நீட்டிக்கொண்டிருந்த பால் கேர்ள். 2022-இல் பெண்களுக்கான சென்னை ஓப்பன் வந்தபோது டிக்கெட் வாங்கிப் போனேன். செக் நாட்டின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா ஜெயித்தாள். எனக்கு அப்போது 24. பொறாமைப்பட்டேன், மறைக்கவில்லை. வீட்டுக்கு வரும் ரயிலில் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் காலை அண்ணன் வழக்கம்போல வலைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

இனி அதே கோர்ட்டில் காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் மாதாமாதம் வருகிறது, எனக்கே புதுசாக இருக்கிறது. அக்கா, தை மாதம் தொடங்கும் சீட்டில் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கடைசி மாதம் போதும். காலேஜ் ஃபீஸ் இருக்கிறவர்கள் முதலில் எடுக்கட்டும்.