கொடிநாள் நிதி யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 8 இதழில் கொடிநாள் வசூல் பற்றி வந்த செய்தி இப்படி முடிகிறது: "இந்த நிதியிலிருந்து, ஓய்வூதியம் பெறும் முன்னாள் ராணுவத்தினருக்குக் கூடுதல் உதவித்தொகை வழங்கப்படுகிறது." யார் யாருக்குக் கொடி குத்தினார் என்பதற்கு மூன்று பத்தி கொடுத்தீர்கள். பணம் யாருக்குப் போகிறது என்று சொன்ன ஒரே வரி தவறாகிவிட்டது.

இந்த நிதியிலிருந்து மாதந்தோறும் தரும் வறுமை உதவித்தொகை ஓய்வூதியம் பெறுபவருக்குக் கிடையாது. அது ஓய்வூதியம் இல்லாதவருக்கு மட்டுமே. சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டு பணி முடித்தால்தான் ஓய்வூதியம். 1962 சீனப் போரை ஒட்டிப் படையில் சேர்ந்து, ஏழெட்டு ஆண்டில் வீட்டுச் சூழ்நிலையால் சொந்த வேண்டுகோளில் விலகி வந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இன்று எண்பதைத் தாண்டிய வயது. ஹவில்தார் (சிப்பாய், நாயக்குக்கு அடுத்த படி) பதவிக்கு மேற்படாத, 65 வயது கடந்த, வேறு நிலையான வருமானம் இல்லாத இவர்களுக்கும் இவர்களுடைய விதவைகளுக்கும் மாதம் 4,000 ரூபாயாக இருந்த தொகை, 2025 நவம்பர் 1 முதல் தரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆகியிருக்கிறது. தங்கள் செய்தியைப் படிக்கும் எண்பது வயதுக்காரர் 'நமக்குத்தான் பென்ஷன் இல்லையே' என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார். எனக்கு ஆறாதது இதுதான்.

'ராணுவத்தினர்' என்ற சொல்லையும் எத்தனை முறை சுட்டிக்காட்டுவது? கொடியில் சிவப்பு, கருநீலம், இளநீலம் என்று மூன்று நிறம் இருப்பது தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் சேர்த்துத்தான். முன்னாள் படைவீரர் என்று எழுதுங்கள். கப்பலில் இருந்தவரின் மனைவி, இது தமக்கில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். ஒவ்வோர் ஆண்டும் இதே படம், இதே வசூல் இலக்கு. நம் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்று குடியரசு தினத்துக்குக் குடியரசு தினம் எழுதுகிறீர்கள். அந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு முறையாவது எழுதியது உண்டா?

விண்ணப்பம் எங்கே சிக்குகிறது என்பதையும் யாரும் எழுதுவதில்லை. மாதந்தோறும் விண்ணப்பம் நிரப்பித் தரும் சங்கம் என்ற முறையில் சொல்கிறேன். முதல் சிக்கல் பெயர். படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கும், ஆதாரில் வெறும் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் திரும்பி வரும். அதைவிடப் பெரியது மனைவி பெயர். படையை விட்டு வந்த பிறகு கல்யாணம் செய்தவர்களின் டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் இராது. அவரவர் படைப்பிரிவின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிச் சேர்க்க வேண்டும். பீரங்கிப் படைக்கு அது நாசிக் ரோட்டில், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூரில், கருவி, வாகனப் பழுது பார்க்கும் பிரிவான இ.எம்.இ.க்கு செகந்திராபாத்தில். கணவர் இருக்கும்போதே இருவரும் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், திருமணச் சான்று, ஆதார் நகல்களை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பிவிட்டால் சுலபம். அவர் போன பிறகு அந்தக் கூட்டுக் கையெழுத்துக்கு எங்கே போவது? விதவைகளின் விண்ணப்பம் மாதக்கணக்கில் நிற்பதற்கு முக்கியக் காரணம் இது.

அடுத்தது வங்கி. 2020 இணைப்பில் சிண்டிகேட் வங்கி கனராவுக்குள்ளும் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கிக்குள்ளும் போயின. பழைய பாஸ்புக்கில் உள்ள ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணைக் கொடுத்தால் பணம் ஏறாது. புதிய பாஸ்புக்கின் முதல் பக்கம் வேண்டும். இணையத்தில் பதியும்போது நெட் சென்டர் பையன் தன் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் போட்டுவிடுகிறான். 'இந்தத் தாள் குறைகிறது' என்ற செய்தி அவனுக்குப் போய்விடும், பெரியவர் வாசலில் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் இருக்கும் ஒருவர் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். தொகை வரத் தொடங்கிய பிறகும் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று தராவிட்டால் நின்றுவிடும்.

பிள்ளைகளுக்கான கல்வி உதவி இன்னும் குறைவாகவே தெரிந்திருக்கிறது. ஹவில்தார் வரையிலானவர்களின் பிள்ளைகள் இருவர் வரை, ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, தலைக்கு மாதம் 1,000 ஆக இருந்தது 2,000 ஆகியிருக்கிறது. விதவை இரண்டாண்டு முதுகலை படித்தாலும் உண்டு. அந்த வகுப்பில் தேறிய பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பதால் மதிப்பெண் பட்டியலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். படைப் பதிவில் பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இவையெல்லாம் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. அதனால்தான் வருத்தம் கூடுகிறது. வசூல் படத்துக்கு ஒதுக்கிய இடத்தில் கால் பங்கு கொடுங்கள். அந்த வரி தவறு என்று திருத்தம் போட்டு, அதன் கீழே வயது 65, ஹவில்தார் வரை, ஓய்வூதியம் இல்லாதவர், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்ற நான்கு விவரங்களை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். வெட்டி எடுத்துச் சங்கப் பலகையில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் சங்க உறுப்பினர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்