பின் விளிம்பைப் பஞ்சால் தடவிப் பார்

கோவளம்

அன்பு மகளுக்கு,

மாலத்தீவில் இருந்து நீ அனுப்பிய படம் வந்தது. அலைச்சறுக்குப் போர்டைக் குப்புறப் போட்டு, அடியில் மீன் செதில் மாதிரி நிற்கிற மூன்று ஃபின்னும் தெரிய எடுத்திருக்கிறாய். வலது ஃபின்னின் பின் விளிம்பில், நுனிக்கு இரண்டு விரல் கீழே, அரிசி அளவு துண்டு ஒன்று போயிருக்கிறது. நடு ஃபின் சொருகியிருக்கும் பெட்டியைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது. வெளிச்சம் பட்டுத் தெரிகிறதா, வெடிப்பா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. இந்த இரண்டையும் பார்த்துச் சரி செய்யும் வரை அந்த கோக்ஸ் அலைப் பக்கம் போகாதே. அந்த அலை ஆழமில்லாத பாரின் மேல் உடைகிறது. பழுதான ஃபின்னோடு போகிற இடம் அது இல்லை.

வீட்டில் எல்லோரும் நலம். இன்ஜின் கடன் முடிந்தது. சின்ன அத்தை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். மற்றதை அம்மா பேசுவாள்.

முதலில் அந்த வெள்ளைக் கோடு. நடு ஃபின்னின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் மெதுவாக ஆட்டு. பெட்டி அசையாமல் ஃபின் மட்டும் ஆடினால் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது, பயமில்லை. ஃபின்னோடு பெட்டியும் சேர்ந்து அசைந்தால், அல்லது கோட்டின் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தும்போது நீர் கசிந்தால், அது வெடிப்பு. அன்றைக்கே போர்டை ஒதுக்கு. ஃபின்னைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, வால் பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் சாய்த்து வை. நீர் சொட்டுவது நின்ற பிறகும் இரண்டு மூன்று நாள் காயட்டும். ஈரத்தை உள்ளே வைத்து ரெசின் பூசினால் பிடிக்காது, ஃபோமும் உள்ளுக்குள் கெட்டுப்போகும். மயிரிழை வெடிப்பு என்றால் நீயே அடைக்கலாம். பெட்டியே ஆடினால் அதைக் குடைந்து எடுத்துப் புதிதாகப் பதிக்க வேண்டும், அதற்கு ரிப்பேர் தெரிந்தவர் கை வேண்டும். டேப் ஒட்டிக்கொண்டு இறங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. டேப் கரைக்குத் திரும்பி வரத்தான்.

ஒன்றை நன்றாக மனதில் வை. நம் படகுக்கு அடிக்கிற ரெசினை போர்டில் வைக்காதே. அது பாலியெஸ்டர். உன் போர்டின் உள்ளே தெர்மாகோல் மாதிரி ஈபிஎஸ் ஃபோம் இருந்தால், அந்த ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் ஃபோமைக் கரைத்துக் குழியாக்கிவிடும். எப்பாக்ஸி என்கிற ரெசின் எந்த ஃபோமுக்கும் ஆகும், காய்ந்த பழைய ஃபைபர் மேல் பிடிப்பும் அதிகம். ஆனால் எப்பாக்ஸிக்குக் கைக்கணக்கு உதவாது. படகு ரெசினில் ஹார்டனர் இரண்டு சொட்டு கூடினால் சீக்கிரம் இறுகும், அவ்வளவுதான். எப்பாக்ஸியில் கூடினாலும் குறைந்தாலும் பிசுபிசுவென்று அப்படியே நிற்கும், இறுகவே இறுகாது. பாட்டிலில் போட்டிருக்கும் விகிதத்தை அளவுக் குப்பியில் அளந்து ஊற்று. ஈரக்காற்றில் காய்ந்தால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். நல்ல தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும். அசிட்டோனைத் துணியில் நனைத்துத் துடை, ஊற்றாதே, அதுவும் ஃபோமைத் தின்னும்.

அடுத்தது உடைந்த விளிம்பு. பஞ்சை எடுத்து ஃபின்னின் ஓரம் முழுக்க மெதுவாக இழுத்துக்கொண்டு போ. எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. விரலால் தேடாதே, பவளத்தில் உரசிய ஃபைபர் கத்தி மாதிரி இருக்கும். சின்னப் பிசிறு என்றால் 240 நம்பர் தாளில் ஆரம்பித்து 400, பிறகு 600, எல்லாம் தண்ணீர் தொட்டுத் தேய். காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகும், முகமூடி இல்லாமல் தேய்க்கவே கூடாது. அரிசி அளவு போன இடத்தை வெறும் ரெசினால் அடைத்தால் அடுத்த உரசலில் பெயர்ந்துவிடும். ஃபைபர் துணியின் நூலைப் பொடியாக வெட்டி எப்பாக்ஸியில் குழைத்து, கொஞ்சம் மேடாக வைத்து, ஒரு நாள் முழுக்க விட்டு, பிறகு தேய்த்து மட்டமாக்கு. தேய்க்கும்போது இடது ஃபின்னைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே தேய். ஒரு பக்கம் மெலிந்தால் போர்டு அந்தப் பக்கம் வேறு மாதிரி திரும்பும். ஓடும்போது ஃபின் ‘ம்ம்’ என்று முனகினால் பெரும்பாலும் பின் விளிம்பு ஒழுங்காக இல்லை என்று அர்த்தம். லேசாகத் தாள் போட்டால் நின்றுவிடும். உள்ளே தேன்கூட்டு அடுக்கு இருக்கிற ஃபின் என்றால் சின்னச் சிராய்ப்பைக்கூட விடாதே, தண்ணீர் உள்ளே போய்த் தங்கிக்கொள்ளும்.

ஸ்குரூவைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை. படத்தில் ஒவ்வொரு ஃபின்னுக்கும் இரண்டு ஸ்குரூ தெரிகிறது, ஆகவே பழைய எஃப்சிஎஸ் கம்பெனி ஃபின். அதற்கு எல் கீ 3/32 இன்ச். நீ சொல்லிக்கொடுக்கிற ஸ்கூலில் இருக்கிற ஃபியூச்சர்ஸ் கம்பெனிப் பெட்டிக்கும், முன்னால் ஒரே ஸ்குரூ இருக்குமே, அதற்கும் இதே கீதான். கடையில் 2.5 மில்லி தந்தால் நுழையாது. 2 மில்லி நுழையும், ஆனால் சுற்றிச் சுற்றி ஸ்குரூ தலையின் ஆறு மூலையையும் தேய்த்து உருட்டிவிடும், பிறகு எந்தக் கீயும் பிடிக்காது. திருகும் முன் குண்டூசியால் குழியில் இருக்கும் மணலைக் கிளறி எடு. உப்பு இறுகி வரவில்லை என்றால் ஒரு சொட்டு வினிகர் விட்டுக் கால் மணி நேரம் பொறு. மாதம் ஒரு முறை ஸ்குரூவை முழுக்க வெளியே எடுத்துக் கழுவி, மறையில் துளி சிலிகான் கிரீஸ் தடவிப் போடு. மாட்டும்போது ஃபின் அடிவரை உட்கார்ந்த பிறகு இரண்டு ஸ்குரூவையும் மாற்றி மாற்றி இறுக்கு. கை நின்றதும் நிறுத்து. அதற்கு மேல் கால் சுற்று போட்டால் பெட்டிக்குள் நுழைகிற ஃபின்னின் காதோ பெட்டியின் மறையோ போகும்.

கடலில் இருந்து ஏறியதும் பெட்டி இடுக்கில் நல்ல தண்ணீர் விடு. அந்தத் தீவில் தண்ணீருக்குச் சிரமம் என்று தெரியும். அரை லிட்டர் பாட்டில் போதும், பீய்ச்சி விட்டால் மணல் வெளியே வந்துவிடும். தோணியில் போர்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஃபின்னோடு அடுக்க விடாதே. பிளாஸ்டிக் ஃபின்னை வெயிலில் போடாதே, வளைந்துவிடும். வளைந்தால் கொதித்த நீரில் முக்கி, பலகையில் அழுத்தி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போடு. ஃபைபர் ஃபின்னுக்கு இது ஆகாது.

படத்தின் ஓரத்தில் உன் கணுக்கால் தெரிகிறது. வெள்ளைத் துணி சுற்றியிருக்கிறது. அம்மாவிடம் படத்தைக் காட்டவில்லை. திருவிழாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் வேலை என்கிறாய். போன் பேசினால் மழையைப் பற்றியே பேசுகிறாய். எத்தனை தையல் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, நீயாகச் சொல்வாய் என்று இருக்கிறேன். பவளத்தில் கிழித்ததா, ஃபின் கிழித்ததா? பவளம் என்றால் துகள் உள்ளே தங்கினால் காயம் ஆறாது, சீழ் வைக்கும். சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுத் தேய்த்துக் கழுவினாயா? சிவந்து சூடாக இருந்தால், காய்ச்சல் வந்தால், மாலே ஆஸ்பத்திரிக்குப் போ. ஆறும் வரை உப்புத் தண்ணீரில் கால் வைக்காதே. ஃபின் கிழித்தது என்றால், கண்ணு, அந்தப் பின் விளிம்பை 400 தாளால் கொஞ்சம் மழுக்கிவிடு. வேகம் துளி குறையும், குறையட்டும்.

நம் தெருவில் இருந்து போய் வெளிநாட்டில் கடல் சொல்லிக்கொடுக்கிற பெண் நீ. கூடத்துக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். அந்தப் பெண்ணே தன் போர்டைக் கவனிக்கவில்லை என்றால், படிக்க வருகிற பிள்ளைகளின் போர்டை யார் கவனிப்பார்கள்? மெத்தைப் போர்டில் ஃபின் ஸ்குரூ மேல்பக்கத்தில் இருந்து வரும், பிள்ளைகள் ஏறி மிதித்தே தளர்த்திவிடுவார்கள். காலையில் முதல் வகுப்புக்கு முன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார். அதில் ரப்பர் ஓரம் உள்ள வளைகிற ஃபின்தான் இருக்க வேண்டும், முதலாளி ஃபைபர் போடச் சொன்னாலும் போடாதே.

மாலே போகிற பையன் கையில் எல் கீ இரண்டு, ஸ்குரூ ஆறு, மேலே சொன்ன மூன்று நம்பரிலும் உப்புத்தாள், கிரீஸ் டியூபும் கொடுத்து அனுப்புகிறேன். ரெசினும் அசிட்டோனும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அங்கேயே வாங்கு, பணம் நான் போடுகிறேன். நடு ஃபின்னைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் கிட்டத்தில் இருந்து, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடு. காயம்பட்ட காலையும் ஒரு படம் எடு. இரண்டையும் எனக்கு மட்டும் அனுப்பு. போர்டு எந்த ஃபோம் என்று ஸ்கூலில் கேட்டு அதோடு எழுது.

அப்பா